நிற்காமல் ஓடிய தறி

காலை ஒன்பது நாற்பதுக்கு விசைத்தறியைப் போட்டேன். நெய்வதற்கு அல்ல. மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். எங்கள் தெருவில் தறிச்சத்தம் இல்லாத வீடென்றால் யாரோ படுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். வீடுவீடாகக் காய்ச்சல் பார்க்க வருகிறவர்கள் அப்படிப்பட்ட வீட்டைத்தான் தட்டுகிறார்கள் என்று பேச்சு. அதனால் நூலே இல்லாமல் ஓடவிட்டேன். கோணலானது அங்கேதான்.

கொரோனாவின் இரண்டாவது அலை அது. அந்த ஊரடங்கு நாட்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. சொல்லக் கூச்சம். மாலையானால் தெருவே மொட்டைமாடியில் நிற்கும். மகள் பக்கத்து மாடிப் பிள்ளைகளுக்குத் துப்பட்டாவில் மாங்காய்த் துண்டு கட்டி இறக்குவாள். கோபுரத்துக்குப் பின்னால் வெயில் இறங்கும்.

“ஏட்டி, உங்க வீட்டுக்காரரு நேத்து ரெண்டு தும்மல் போட்டாராம்லா? வாசலை அடைச்சுத் தகரம் அடிக்க வரப்போறாங்க, பாத்துக்கோ!” என்பாள் எதிர்வீட்டுக்காரி. எல்லோரும் சிரிப்போம்.

பிறகு யாராவது போனில் வந்த குரல்பதிவைப் போடுவார்கள். “மக்கா, நல்லாக் கேட்டுக்கிடுங்க. சும்மா இருக்கவனையும் பாசிட்டிவ்னு எழுதி உள்ள தள்ளுதான். பிள்ளைய விட்டீங்கன்னா மூட்டையாத்தான் தருவான்.”

நான் வேதியியல் படித்தவள். வைரஸ் பாடத்தை மகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். ஆனாலும் நம்பினேன். தெருவில் ஒலிபெருக்கியில் வந்த அரசாங்க அறிவிப்பு யாரோ எழுதிக்கொடுத்ததை வாசித்தது. இந்தக் குரலோ எங்கள் சித்தப்பா பேசுவதுபோல மக்கா என்றது. அதைவிட இன்னொன்று உண்டு, அது பிறகுதான் புரிந்தது. நோயை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒளித்துவைக்க முடிந்தது. கைக்கு ஒரு வேலை கிடைத்ததே பெரிய ஆறுதலாக இருந்தது.

மகள் பின்னறையில் படுத்திருந்தாள். கணவர் மாத்திரை வாங்கப் போயிருந்தார். நான் முன்னறையில் தறியருகே உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசினாலே கேட்காது. நடுவில் இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று பத்துக்குக் கரண்டு போனது. தெருவில் எல்லாத் தறிகளும் ஒன்றாக நின்றன. அப்போதுதான் கேட்டது, டம்ளரைத் தரையில் தட்டுகிற சத்தம். ஓடினேன். உதடு வெளிறி நீலமாக இருந்தது. மூச்சு தோள்பட்டை வரை ஏறி இறங்கியது. எவ்வளவு நேரம் தட்டினாய் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அவள் அறைக்கதவைச் சாத்தினால் இன்னும் நான் போய்த் திறந்துவைப்பேன்.

வாசலுக்கு வந்து அலறினேன். அந்த அமைதியில் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். ஒரு கதவும் திறக்கவில்லை. மாடியில் அவ்வளவு சிரித்தவர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். முந்தின வாரம் வேறொரு வீட்டில் அலறல் கேட்டபோது நானும் அதைத்தான் செய்தேன்.

ஓடிவந்தது ஒருத்திதான். மூன்று நாளாக நாங்கள் யாருக்குப் பயந்து ஒளிந்தோமோ, அந்தக் காய்ச்சல் பார்க்கிற நர்ஸ். மகளின் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தாள். உடனே அவளைத் தோளில் சாய்த்துத் தூக்கினாள்.

“ஆட்டோ தெருமுக்குல நிக்கு, ஏறுங்கக்கா. எங்க வீட்லயும் தறிதான். நூல் மாத்தக்கூட நிக்காம ஓடும்போதே எனக்குச் சந்தேகந்தான். தட்டுனேன், உங்களுக்குக் கேக்கல. இன்னும் நாலு வீட்டுல இப்படித்தான் ஓட்டுதாங்க. கரண்டு வாரதுக்குள்ள நான் அங்க போகணும். யாரு இருமுதாங்கன்னு இப்பதான் வெளிய கேக்கும்.”