கடைமடைக்கு வராத கெட்டிமேளம்

கீழ்வேளூர் கோவிந்தராசுவுக்குச் சர்க்கரை நோயில் கண் போயிற்று. பின்பு விழுந்து இடுப்பெலும்பும் முறிந்தது. மகள் தமிழ்நிலாவுக்குத் தஞ்சாவூர் மண்டபத்தில் திருமணம். போக முடியாத அந்தத் தகப்பனுக்கு ஒரே ஆசைதான்.

"கெட்டிமேளத்த மட்டும் என் காதுல போட்டுரு இனியவா. அது போதும்."

மகன் இனியவனுக்கு நெட்வொர்க் வேலைதான் பிழைப்பு. கூட்டம் சேர்ந்தால் அந்த மண்டபத்தில் செல்போன் சிக்னல் செத்துவிடும். இருக்கிற வைஃபையையும் வந்தவர்களே வீடியோ பார்த்துக் குடித்துவிடுவார்கள். அதனால் முதல் நாளே இணைய இணைப்புகளைப் பிரித்துவிடும் சுவிட்ச் பெட்டியில் விருந்தினருக்கு ஒரு விலான், அதாவது தனித்தடம், கேமராக்களுக்கு ஒன்று, மேடை மைக்கின் ஒலிக்கு மட்டும் தனியாக ஒன்று என்று வழிகளைப் பிரித்தான்.

"என்னண்ணா, தாலி கட்டப்போறவர விட நீதான் அதிகமா வேர்த்துக் கொட்டுற!" தமிழ்நிலா சிரித்தாள்.

"சத்தம் கடைமடையில இருக்குற அப்பா வரைக்கும் போய்ச் சேரணும்ல!"

சோதித்தபோது கீழ்வேளூர் வீட்டில் போன் வழியே அப்பாவின் காதில் ஒலி தெளிவாக விழுந்தது. அந்த மகிழ்ச்சியில், சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனவன், செய்த அமைப்பைச் சேமிக்கவில்லை. சேமிக்காவிட்டால், மின்சாரம் ஒருமுறை போய் வந்தாலே சுவிட்ச் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

மறுநாள் முகூர்த்த வேளையில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் உறுமி எழுந்தது. பிரித்த வழிகளெல்லாம் ஒன்றாய்க் கலந்து, மேடை ஒலி அறுந்து அறுந்து நின்றே போயிற்று. இனியவன் ஓடினான். லேப்டாப்பில் அவன் வழிகளை மறுபடி பிரித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே கெட்டிமேளம் முழங்கி ஓய்ந்தது. பாவி விதி, ஒரு நிமிடம் பொறுத்திருக்கக் கூடாதா!

"அப்பா கேட்டாராண்ணா?" ஈர மஞ்சள் கழுத்தோடு தங்கை கேட்டாள். அவன் மண்டபத்துக்கு வெளியே ஓடி, அப்பாவுக்குத் துணையிருந்த அத்தை அம்சத்தை அழைத்தான்.

"நல்லா கேட்டாருப்பா. மொகமெல்லாம் சிரிப்பு!"

தாலி பெருக்கிப் போடும் நாள் வருமுன்பே கோவிந்தராசு கண்ணை மூடினார். காரியம் முடிந்த அன்று இனியவனிடம் அம்சம் உடைந்தாள்.

"சத்தம் வரலப்பா. நேரத்தப் பாத்து, மண்டபத்துலேருந்து வர்ற மாதிரி நான்தான் அண்ணன் காதுல குலவ போட்டேன். 'தாலி ஏறிடுச்சுண்ணே'ன்னேன். சிரிச்சாரு. 'நடவு வயல்ல கேட்ட உங் குலவ எனக்குத் தெரியாதா அம்சம்? புள்ள மனசு ஒடஞ்சுருவான். நல்லா கேட்டுச்சுன்னே சொல்லிடு'ன்னாரு."

இனியவன் சுவரில் சாய்ந்து கதறினான்.

இன்றும் தமிழ்நிலா சொல்வாள்: "அப்பா கேட்டாருல்லண்ணா, அதுவே போதும்."

"நல்லா கேட்டாரும்மா" என்பான் அவன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.