மே மாதத்தில் கம்பளிக் கையுறை

மலையுச்சி ஊர்களுக்குப் போகும் சோலார் கன்டெய்னர் பெட்டிகளைச் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் செய்கிறோம். பேனலும் பேட்டரியும் உள்ளேயே இருக்கும். போய் இறங்கியதும் கதவைத் திறந்து பேனலை விரித்தால் கரண்ட் வந்துவிடும்.

மே மாதத்தில் ஒரு பெட்டியைச் சரிபார்க்க லடாக்கிலிருந்து ஒருவர் வந்தார். தகரம் சுடுகிற வெயிலில், பையிலிருந்து தடித்த கம்பளிக் கையுறையை எடுத்து மாட்டினார்.

"இன்னா சார், குளிருதா?" என்றான் என் லைனில் வேலை பார்ப்பவன். எங்களுக்கு வேறென்ன வேலை, சிரித்தோம்.

அவர் கதவைத் திறக்கப் போனார். கைப்பிடிக்குள் கையுறை விரல் நுழையவில்லை.

"அங்கே வெறுங்கையால் தொட்டால் தோல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும்" என்று இந்தியில் சொன்னார்.

கைப்பிடிகளையெல்லாம் கழற்றிப் பெரிதாகப் போட்டோம். கையுறையை எங்களிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது ஒவ்வொரு பெட்டியும் லாரி ஏறும் முன், சிரிப்பு மூட்டிய அவனே அதை மாட்டிக்கொண்டு, வியர்த்து ஊற்ற, கதவைத் திறந்து பார்க்கிறான். குளிருதா என்று கேட்டுப் பாருங்கள், அடிக்க வருவான்.