நிறுத்துப் பார்க்காத மருந்து

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். சின்ன வயதிலிருந்தே குண்டு. 'பீப்பாய்' என்ற பட்டப்பெயரைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது. யார் கேலி செய்தாலும் அவர்களுக்கு முன்னால் அவளே சிரித்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் நடந்ததை மட்டும் அவளால் சிரித்துத் தள்ள முடியவில்லை.

செருப்பு கடித்த புண் சீழ் பிடித்து, முழங்கால்வரை சிவந்து, தொட்டால் நெருப்பாய்ச் சுட்டது. வார்டில் சேர்த்தார்கள். பெரிய டாக்டர் தள்ளி நின்றே பார்த்தார். கிருமிக்கான ஊசியை, எல்லாருக்கும் எழுதும் அளவிலேயே எழுதிவிட்டுப் போனார். ஊசி ஏறிக்கொண்டே இருந்தது, காய்ச்சல் இறங்கவில்லை. சிவப்பு தொடையைத் தொட்டது.

"மருந்து கேக்கலையே டாக்டர்," என்றார் கணவர்.

"இவ்ளோ உடம்பு இருந்தா எப்படிங்க கேக்கும்? முதல்ல வாயைக் கட்டச் சொல்லுங்க."

"காது எனக்கும் இருக்கு டாக்டர். என்கிட்டயே சொல்லலாம்," என்றாள் அவள். அவர் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார்.

அந்த வாரம் வார்டுக்கு மாறி வந்த பெண் டாக்டர்தான் முதலில் கேட்டாள்: "இவங்க எடை என்ன?"

நர்ஸ் விழித்தாள். "நம்ம மெஷின் நூத்திருபது வரைக்கும்தான் மேடம் காட்டும். அதுக்கு மேல இருப்பாங்க."

"மேலன்னா எவ்வளவு மேல?"

யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் சக்கர நாற்காலியில் சரக்கு அறைக்குத் தள்ளிப்போய், மூட்டை நிறுக்கும் தராசின் முன் நிறுத்தினார்கள்.

"நான் என்ன மூட்டையா?" அவள் போட்ட சத்தத்தில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நல்லா திட்டுங்க, நானும் சேர்ந்து திட்டுறேன். ஆனா ஏறி நில்லுங்க. மருந்து குறைஞ்சா காலுக்கு ஆபத்து, கூடினா கிட்னிக்கு ஆபத்து. குத்துமதிப்பா ஏத்த முடியாதுக்கா."

ஏறினாள். நூற்று அறுபத்தெட்டு.

"குடத்துத் தண்ணிக்குச் சொம்புத் தண்ணி அளவுக்கு உப்பு போட்டிருக்காங்க," என்றாள் டாக்டர். "அதுக்காக எடைக்குத் தக்கன அப்படியே பெருக்கவும் கூடாது. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுறேன்."

"அப்ப இத்தனை நாளா எனக்கு ஏத்தினது?"

டாக்டர் மருந்துச் சீட்டை வாங்கிப் பழைய அளவை அடித்தாள்.

காய்ச்சல் இறங்கியது. ஆனால் அதற்குள் கெண்டைக்காலில் அழுகிப்போன சதையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் தப்பியது. பாதம் பிரேக்கை அழுத்தும் பலத்தை இழந்தது.

நடக்க முடிந்ததும் நேராகப் பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள்.

"பொழைச்சீங்களே, சந்தோஷப்படுங்கம்மா. வழக்கமான டோஸ்தானே கொடுத்தோம்?"

"யாருக்கு வழக்கம்? குண்டா இருக்கறது என் தப்புன்னே வெச்சுக்குங்க. நிறுத்துப் பார்க்காதது யார் தப்பு?"

அவர் மணியடித்து ஆளைக் கூப்பிட்டார். அவள் நகரவில்லை. வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். ஆஸ்பத்திரியின் தலைமை அதிகாரி அவளைக் கூப்பிட்டுப் பேசினார். சில மாதம் கழித்து வார்டுக்குப் பெரிய எடை மெஷின் வந்தது. மன்னிப்பு மட்டும் வரவில்லை.

இப்போது கார் கற்க வருகிறவர்களுக்கு, முன்சீட்டில் அவளுடைய நாத்தனார் உட்கார்ந்து பழக்குகிறாள். இவள் பின்சீட்டிலிருந்து அதட்டுகிறாள்.

"இன்னுமா அந்த ஆள் மேல கோவம்?" என்று கணவர் கேட்டார்.

"கால் வலிக்காத அன்னைக்குக் கேளுங்க," என்றாள்.