வலது காதில் பெய்த மழை

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எவர்சில்வர் தட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் பதினேழு வருடமாகப் பிரஸ் மெஷினில் நிற்கிறவள் கலைவாணி. தகட்டை வைப்பாள், மெஷின் இறங்கும், தட்டு வெளியே வரும். அங்கே பேசினாலும் யார் காதிலும் விழாது. அதனால்தான் அவளுக்குப் பேச்சே குறைந்துபோனது என்று கணவன் எழிலரசன் சொல்வான். அவன் தனியார் கல்லூரி ஒன்றில் பஸ் ஓட்டுகிறான். ஒரே மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

கலைவாணிக்கு நகை ஆசை கிடையாது, ஊர் சுற்றும் ஆசையும் கிடையாது. சினிமா பார்க்க வேண்டும், அதுவும் சத்தத்தோடு பார்க்க வேண்டும். உழவர்கரையில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டு ஹாலில் மூலைக்கு ஒரு ஸ்பீக்கர், டிவிக்குப் பக்கத்தில் ஒன்று, கீழே தரை அதிர முழங்கும் பாஸ் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டுப் படம் போடுவாள். மழைக் காட்சி வந்தால் ரிமோட்டை எடுத்து இன்னும் கொஞ்சம் ஏற்றுவாள். வீட்டுக்குள்ளேயே மழை பெய்கிற மாதிரி இருக்கும்.

பக்கத்துப் போர்ஷனுக்குப் பூர்ணிமா குடிவந்தபோதுதான் சிக்கல் வந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். மூன்றாவது ஞாயிறு வந்து கதவைத் தட்டினாள். கண் இரண்டும் சிவந்திருந்தது.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நைட் டூட்டி பாத்துட்டு வந்து பகல்லதான் தூங்கறேன். நீங்க படம் போட்டா என் கட்டிலே அதிருது.”

கலைவாணிக்கு வெட்கமாகிவிட்டது. “தெரியாமப் போச்சும்மா” என்று சொல்லி உடனே அணைத்தாள். அடுத்த வாரம் சத்தத்தைக் குறைத்துப் பார்த்தாள். வசனம் பாதி புரியவில்லை. அதற்கடுத்த வாரம் டிவியையே போடாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழிலரசனுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

“நல்ல ஹெட்போனா ஒண்ணு வாங்கிக்க வாணி. எங்க பஸ்ல வர்ற சார் ஒருத்தரு வெச்சிருக்காரு. நாலு பக்கமும் ஸ்பீக்கர் வெச்சாப்புல கேக்குமாம்.”

தீபாவளி போனஸ் வந்த வாரம் இருவரும் நேரு வீதிக்குப் போனார்கள். கடையில் இனியா என்ற பெண் ஐந்தாறு வகை காட்டினாள். அதிலேயே உசத்தியானதை எடுத்தார்கள். காதை முழுதாக மூடுகிற மெத்தை, நீளமான ஒயர். கடை இரைச்சலில் ஒரு பாட்டு கேட்டுப் பார்த்துவிட்டு, “நல்லாருக்கு” என்றாள் கலைவாணி.

ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டிக்கொண்டு, பலமுறை பார்த்த படம் ஒன்றைப் போட்டாள். மழை வந்தது. ஆனால் வலது பக்கம் மட்டும் பெய்தது. ஒரு ரயில் வலமிருந்து இடமாகத் திரையைக் கடந்தது. பாதி தூரம் வந்த சத்தம் அங்கேயே தேய்ந்து நின்றுவிட்டது. இடப்பக்கம் நின்று பேசிய ஆளுக்கு வாய் மட்டும் அசைந்தது. கழற்றினாள், ஒயரைப் பிடுங்கிச் சொருகினாள். மாற்றமில்லை. இவ்வளவு விலை வாங்கிக்கொண்டு ஓட்டைச் சாமானைக் கட்டிக் கொடுத்துவிட்டார்களே என்று கோபம் வந்தது.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் நேராகக் கடைக்குப் போனாள்.

“ஏம்மா, இதுல இடது பக்கம் வேலையே செய்யல.”

இனியா வாங்கி மாட்டிப் பார்த்தாள். “ரெண்டு பக்கமும் சூப்பரா கேக்குதுக்கா.”

“எனக்குக் கேக்கல. அப்போ நான் பொய் சொல்றனா?” கலைவாணி குரல் உயர்ந்தது. கடையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இனியா ஹெட்போனை இடம் வலம் மாற்றி அவள் தலையில் வைத்தாள். இப்போது, கெட்டுப்போனதாக அவள் சொன்ன பக்கம் வலது காதில் இருந்தது. அதில் பாட்டு கணீரென்று கேட்டது. இடது காதில் ஒன்றுமில்லை.

கலைவாணி தானே ஒருமுறை மறுபடி மாற்றி மாட்டிப் பார்த்தாள். பிறகு கழற்றி நீட்டினாள். “சாமான் நல்லாதான் இருக்கு. பெட்டியில வெச்சுக் குடும்மா. சத்தம் போட்டுட்டேன், மனசுல வெச்சுக்காத.”

வீட்டில் அவள் எதுவும் சொல்லவில்லை. எழிலரசன் இல்லாத நேரத்தில் செல்போனில் பாட்டுப் போட்டு இடது காதில் வைத்துப் பார்த்தாள். காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கிப் பார்த்தாள். எத்தனை நாளாக இப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் போனை வலது காதில்தான் வைப்பாள். கட்டிலின் இடது ஓரத்தில்தான் படுப்பாள். அதெல்லாம் பழக்கம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

நான்கு நாள் கழித்துப் பூர்ணிமா படிக்கட்டில் எதிர்ப்பட்டாள். “இப்ப நல்லா தூங்கறேன், ரொம்ப தேங்க்ஸ்க்கா. அதைச் சொல்லத்தான் நேத்து உங்களை மூணு தடவை கூப்பிட்டேன். நீங்க திரும்பவே இல்ல. என்மேல கோபமோன்னு நெனைச்சேன்.”

“எந்தப் பக்கம் நின்னு கூப்பிட்ட?” என்று கேட்டாள் கலைவாணி. கேட்டவுடனே கண் கலங்கிவிட்டது. படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

பூர்ணிமாதான் அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சத்தம் புகாத சின்ன அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலுள்ள பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வலது காதுக்கு நிறைய தடவை அமுக்கினாள். அதன் பிறகு நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, “சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?” என்று கேட்டார்.

“ரெண்டாவது படிக்கறப்ப வந்துச்சு. கன்னம் பெருசா வீங்கி, பத்து நாள் பள்ளிக்கூடம் போகல.”

“அதுல போயிருக்கலாம். இப்ப உறுதியா சொல்ல முடியாது. ஒரு காது நல்லா இருந்தா குழந்தைங்களுக்கு இது தெரியவே தெரியாது. இடது காதை இனிமே ஒண்ணும் பண்ண முடியாதும்மா. ஆனா வலது காதும் கொஞ்சம் குறைய ஆரம்பிச்சிருக்கு. அது மெஷின் சத்தத்தால. அதைத்தான் நீங்க காப்பாத்தணும்.”

வெளியே வந்ததும் கலைவாணி பூர்ணிமாவிடம் கேட்டாள். “அப்போ இத்தனை வருஷமா நாலு மூலையிலேருந்தும் மழை வந்துச்சே, அது?”

“உங்களுக்கு வந்துச்சு இல்லக்கா? அப்போ வந்துதுதான்” என்றாள் பூர்ணிமா.

அன்று சாயங்காலம் எழிலரசனைக் கடற்கரைக்குக் கூப்பிட்டாள் கலைவாணி. நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவன் நின்றுவிட்டான்.

“நான் கூப்பிட்டா எத்தனையோ தடவை திரும்பாமப் போயிருக்க. திமிருன்னு நெனைச்சு ரெண்டு நாள் பேசாமகூட இருந்திருக்கேனே வாணி.”

“எனக்கே தெரியலியே. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அவன் சுற்றிக்கொண்டு அவள் வலது பக்கம் வந்து நடந்தான்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரித் தாளோடு சூப்பர்வைசர் அருள்முருகன் முன்னால் போய் நின்றாள். அவர் டிராயரிலிருந்து காதில் வைக்கிற பஞ்சு அடைப்பான் இரண்டை எடுத்து நீட்டினார். “இதை வெச்சுக்க கலைவாணி. பிரஸ்ஸுக்கு உன்ன மாதிரி கை கெடைக்காது.”

“இருக்கறது ஒரு காதுதான் சார். அதையும் இங்கயே விட்டுட்டுப் போக முடியாது. பேக்கிங்ல போடுங்க.”

அவள் அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் மறுபடி தாளைப் படித்தார். பதினைந்து நாளில் பேக்கிங்குக்கு மாற்றினார். மாதம் முடிவதற்குள் பிரஸ்ஸில் நின்ற மற்ற ஏழு பேருக்கும் காதை முழுக்க மூடும் கவசம் வந்தது. பேக்கிங்கில் முதல் சில நாள் கலைவாணிக்குக் கை சும்மா இருப்பது போலவே இருந்தது.

ஹெட்போன் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எழிலரசன் கடைக்கு எடுத்துப்போனான். விஷயத்தைக் கேட்ட இனியா, ஒயர் முனையில் சொருகுகிற விரல் நீளப் பின் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தாள். ரெண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து அனுப்புமாம் அது. “இதைச் சொருகினா அக்காவுக்கு ஒரே காதுல எல்லாமும் வந்துடும்ணா. சத்தத்தை மட்டும் பாதிக்கு மேல வைக்க வேணாம்னு சொல்லுங்க.”

இப்போது ஞாயிறு மத்தியானங்களில் கலைவாணி குறைந்த சத்தத்தில் முழுப் படமும் பார்க்கிறாள். வெளி இரைச்சல் உள்ளே வராததால் மெதுவாகப் பேசும் வசனம்கூடத் தெளிவாக விழுகிறது. ஒயரைச் சொருகினால் டிவியில் சத்தம் வராது. அதனால் எழிலரசன் பக்கத்தில் உட்கார்ந்து ஊமைப்படம் பார்க்கிறான். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அவள் வலது தோளைத் தட்டுகிறான்.

“என்ன சொல்றான்?”

கலைவாணி ஹெட்போனைக் கொஞ்சம் தூக்கிக்கொள்கிறாள். “அவ தங்கச்சியைப் பாக்க வந்தானாம். வீட்டுல யாரும் இல்லியாம்.”

“அதுக்கு அவ என்ன சொன்னா?”

“இருங்க, இன்னும் சொல்லல” என்கிறாள்.