உட்காரத் தெரியாத விருந்தாளி

போன வாரம் எங்கள் ஆபீஸில் புதிதாக ஒரு இன்ஜினீயர் சேர்ந்தார். பெயர் கயல், சிவகங்கைப் பக்கம். தண்ணீர் பிடிக்க அவர் மேஜையைத் தாண்டிப் போனேன். சட்டென்று எழுந்து நின்றார். பாட்டிலோடு திரும்பி வந்தேன். மறுபடியும் எழுந்தார். ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம் சார்" என்றார். நின்றுகொண்டேதான்!

பக்கத்து சீட் எகிப்துக்காரர் என்னைத் தனியே இழுத்துப் போய்க் கேட்டார்: "அந்தப் பெண்ணை ஏன் இப்படிப் பயமுறுத்தி வைத்திருக்கிறாய்?"

நானா? சிரிப்புத்தான் வந்தது. இந்தக் குழப்பத்தின் மறுபக்கத்தில் குடியிருந்தவன் நான்.

கல்லூரியில் மூன்றாம் வருடம். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் அரபு நாட்டில், ராஸ் அல் கைமாவில் படிக்க இடம் கிடைத்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். விமானப் படி ஏறியதில் இரண்டாவது ஆள். முதல் ஆள் அப்பா. அதே ராஸ் அல் கைமாவில், சிமென்ட் ஃபேக்டரித் தொழிலாளர் கேம்ப்பில் அப்போதே பதினோரு வருடமாக இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். அவர் அங்கே போன பிறகு நாங்கள் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம்கூடத் தேறாது. விண்ணப்பத்தில் மூன்று ஊர் எழுதலாம் என்றார்கள். மூன்றிலும் நான் ஒரே ஊரைத்தான் எழுதினேன்.

ஹாஸ்டல் கிடையாது, அங்கே ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும் என்பது ஏற்பாடு. அரபுக் குடும்பமாக இருக்கும் என்று சலாம் சொல்லப் பழகிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர்கள் இத்தாலிக்காரர்கள்!

மார்கோ டைல்ஸ் ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் இன்ஜினீயர். அப்பாவைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர் மனைவி பாவ்லா. மகன் வேலை கிடைத்து இத்தாலிக்கே போய்விட்டதால் ஒரு அறை காலி. என் பெட்டியை வாங்கி வைத்ததும் பாவ்லா சொன்ன முதல் வார்த்தை: "எங்களை மார்கோ, பாவ்லா என்றே கூப்பிடு."

எப்படி? நீங்களே சொல்லுங்கள்... அப்பா வயதுக்காரரைப் பேர் சொல்லியா?

சார், மேடம் என்று பார்த்தேன். "இது ஆபீஸ் இல்லை, வீடு" என்று பாவ்லா தடை போட்டுவிட்டார். அங்கிள் என்றேன். மார்கோ பின்னால் திரும்பிப் பார்த்தார், யாராவது வந்திருக்கிறார்களா என்று. கடைசியில் எப்படியும் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் போய் நின்று லேசாக இருமுவேன். அடுப்பில் பாஸ்தா கிளறிக்கொண்டிருந்த பாவ்லா இரண்டு தடவை கரண்டியைக் கீழே போட்டார்.

அதுகூடப் பரவாயில்லை. பெரிய சிக்கல் ஹாலில் இருந்த சோபா.

சாயங்காலம் மார்கோ டியூட்டி முடிந்து ஹாலுக்குள் வருவார். நான் எழுந்து நிற்பேன். அவர் உட்காருவார், டிவி போடுவார். என்னை உட்காரச் சொல்ல மாட்டார். பெரியவர்கள் 'உட்காருப்பா' என்றால்தானே நாம் உட்கார முடியும்? ஒரு நிமிடம் பார்ப்பேன். இரண்டு நிமிடம் பார்ப்பேன். பிறகு சத்தமில்லாமல் என் அறைக்குப் போய்விடுவேன்.

பத்து நாளில் மார்கோ ஹாலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். வெளியே போர்ட்டிகோவில், சட்டை நனையும் புழுக்கத்தில் உட்கார்ந்து போன் பார்த்தார். பாவம், வேலையில் ஏதோ டென்ஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வியாழக்கிழமை பரிமாற்றத் திட்டத்தின் கோஆர்டினேட்டர் அக்காவிடமிருந்து போன். யாழ்ப்பாணத்துக்காரர்.

"தம்பி, உங்களுக்கு அங்க என்ன பிரச்சினை?"

"ஒண்ணுமில்லக்கா. தங்கமான மனுசங்க."

"அவையள் கடிதம் எழுதியிருக்கினமே."

"என்னைப் பிடிக்கலையாக்கா?"

"அதில்லைத் தம்பி. உங்களுக்குத்தான் அவையளப் பிடிக்கேல்லை எண்டு எழுதியிருக்கினம். வேற இடத்தில சந்தோசமா இருப்பீங்களாம். என்னட்ட இப்ப வேற வீடு இல்லை. வீடு இல்லாட்டி ஊருக்குத் திரும்பத்தான் வேணும். திங்கட்கிழமை முடிவு செய்யோணும்."

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. நான் என்ன செய்தேன்? குரலை உயர்த்தினேனா? சாப்பாட்டைக் குறை சொன்னேனா? ஃபேக்டரியில் லீவு கிடைக்காத அப்பாவை இன்னும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையே... இந்த ஞாயிறுதான் அவரை மதியச் சாப்பாட்டுக்குப் பாவ்லா அழைத்திருந்தார். சரி, முதல் சந்திப்பே வழியனுப்பு விருந்து என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. விருந்தாளி வருவதால் மார்கோ ஹாலில் இருந்தார். நான் சோபாவின் அந்தக் கோடியில், பாதி உட்கார்ந்து பாதி எழுந்த நிலையில். மணி அடித்தது. பாவ்லா கதவைத் திறந்தார். தேய்த்த சட்டை, ஒரு கையில் மிக்சர் பாக்கெட், ஒரு கையில் வாழைப்பழச் சீப்பு. அப்பா!

நான் துள்ளி எழுந்தேன்.

மார்கோ என்னைப் பார்த்தார். அறைக்குப் போகப் போகிறேன் என்று காத்திருந்தார் போல. அப்பா என் தோளைப் பிடித்து, "இளைச்சுட்டியேடா... சரி, உக்காரு" என்றார். உடனே உட்கார்ந்தேன்.

மார்கோ என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். மெஷினில் கோளாறு எங்கே என்று பிடிபட்ட மெக்கானிக்கின் முகம். அடுத்து நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. "பாய்..." என்று ஆரம்பித்து, அப்பாவிடம் ஹிந்தியில் கேள்வி கேட்டார்! ஃபேக்டரி ஹிந்தி. அப்பா கேம்ப் ஹிந்தியில் பதில் சொன்னார். இரண்டும் எங்கேயோ இடித்துக்கொண்டு ஓடின. சோபாவைக் காட்டினார்கள், என்னைக் காட்டினார்கள், "அச்சா, அச்சா" என்று சிரித்தார்கள்.

பாவ்லா என்னிடம் கேட்டார்: "என்ன பேசுகிறார்கள்?"

தெரியாது என்றேன். அந்த வீட்டில் படிக்க வந்தவன் நான் ஒருவன்தான்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏன்டா, இவரு உள்ள வந்தா நீ எந்திரிச்சு ஓடிர்றியாமே? நம்ம மூஞ்சி புடிக்கல போலன்னு இந்த மனுசன் தெனம் புழுக்கத்துல போயி உக்காந்திருக்காரு."

"ஓடலப்பா. அவரு உக்காரச் சொல்லல..."

"உக்காந்திருக்கறவன எதுக்குடா உக்காரச் சொல்லணும்!"

"நீ என்னப்பா சொன்ன?"

"மரியாதைக்கு நிக்கிறான்னேன். எனக்கும் நின்னான், பாத்தீங்கள்ல பாயின்னேன்." வாழைப்பழச் சீப்பை டீப்பாய் மேல் வைத்தபடி, கொஞ்சம் குரல் இறங்கி, "நீ எனக்கு எந்திரிச்சு நின்னே ரெண்டு வருசமாச்சுடா" என்றார்.

அன்று சாயங்காலம் அப்பாவை பஸ் ஏற்றிவிட்டு வந்து சோபாவில் இருந்தேன். மார்கோ ஹாலுக்குள் வந்தார். என் முழங்கால் தானாக நிமிர்ந்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் டிவி போட்டார். எனக்கு வியர்த்தது. அந்த செமஸ்டரில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான்... உட்கார்ந்தே இருந்தது.

மறுநாள் கோஆர்டினேட்டர் அக்கா போன் செய்தார். "கடிதத்தத் திருப்பி வாங்கிட்டினம் தம்பி. அப்படி என்ன செய்தனீங்கள்?"

"உக்காந்தேன்க்கா."

அவருக்கு அது புரியவில்லை. யாருக்குத்தான் புரியும்? மரியாதையைக்கூட, இது மரியாதை என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் போல.

அன்று கிளாஸ் முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன்... சோபாவிலிருந்து மார்கோ எழுந்து நின்றார். நெஞ்சில் கை வைத்து, விறைப்பாக. கிண்டலா, நிஜமா? இன்றுவரை தெரியாது. ஆனால் நான் ஊருக்குக் கிளம்பும் நாள்வரை அவர் அதை நிறுத்தவில்லை. அப்பாவும் ஒரு ஞாயிறுகூட வரத் தவறவில்லை.

முந்தாநாள் கயல் ஏதோ டிராயிங்கோடு என் மேஜைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். அவர் பதறிப்போய் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், பின்னாலும் திரும்பிப் பார்த்தார்.

குழம்பட்டும். நானும் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன்!