அண்ணன் சொன்ன நேரம்

எங்கள் பள்ளியில் இயற்பியல் எடுத்தவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘தசமம்’. சோதனையில் வந்த அளவை யாராவது கொஞ்சம் தட்டிக்கொட்டிச் சரிக்கட்டினால் போதும், மொத்த மார்க்கும் போச்சு. “வந்ததை எழுது. வரணும்னு நினைச்சதை எழுதாதே” என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து தமிழ்த் தாள் திருத்தும் எனக்கே எரிச்சலாக இருக்கும்.

அவளுக்கென்று இருந்த ஒரே உறவு அண்ணன். கடல் தாண்டிய ஊரில் அவருக்கும் இதே வேலை. வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கும் நாளுக்காக இருவரும் காத்துக் கிடந்தார்கள். அந்தக் கரும்பொட்டு சூரியனை விட்டு முழுசாக வெளியேறும் நேரத்தை இரண்டு ஊரிலும் குறித்தால், அந்த வித்தியாசத்தை வைத்துச் சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாமாம். முந்தைய தடவை மேகம் கெடுத்துவிட்டது. இதை விட்டால் நூறு வருஷத்துக்கு மேல் ஆகும்.

அண்ணன் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். “எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். இங்க நேரம் நான்தான் சொல்லுவேன்” என்றார் போனில்.

அன்று வானம் சுத்தமாக இருந்தது. எங்கள் பிள்ளைகள் மொட்டைமாடியில் தொலைநோக்கி வழியாகச் சூரியனை ஒரு வெள்ளை அட்டையில் விழவைத்து, நேரத்தைக் குறித்தார்கள். அண்ணனிடமிருந்து வந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், சூரியன் பாதித் தூரத்தில் வந்து நின்றது.

“தப்பாக் குறிச்சிருக்காங்க டீச்சர்” என்றாள் ஒருத்தி.

தசமம் அண்ணனின் மாணவிக்குப் போன் போட்டாள். அந்தப் பெண் அழுதாள்.

“பொட்டு வெளிய போனதை நாங்க எல்லாரும் பாத்தோம். ஆனா சார் ‘ஆச்சு’ன்னு சொல்லாம கடிகாரப் பொத்தானை அமுக்கக் கூடாதுன்னு அவர்தானே பழக்கினார். ஆஸ்பத்திரியிலேருந்து பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வந்துட்டார், ஆனா அவருக்குக் கண்ணு தெரியல டீச்சர். அட்டைமேல குனிஞ்சு தேடிட்டே இருந்தார். சில நிமிஷம் கழிச்சுதான் ‘ஆச்சு’ன்னார்.”

மறுநாளே லீவு போட்டுக் கிளம்பிப் போனாள். படுக்கையில் இருந்தவர் முதலில் கேட்டது, “தூரம் சரியா வந்துச்சா பாப்பா?”

“புத்தகத்துல இருக்கிற மாதிரியே வந்துச்சுண்ணா.”

“நான் சொன்னேன்ல” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாராம். அந்த வாரமே போய்விட்டார்.

திரும்பி வந்து என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, மேஜைமேல் தலை கவிழ்த்து அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. “நல்ல காரியம்தான் பண்ணியிருக்கே” என்றேன்.

வேறு பள்ளியின் நேரத்தை வாங்கிக் கணக்கைச் சரிசெய்யலாம் என்று பிள்ளைகள் கேட்டுப் பார்த்தார்கள். மாட்டேன் என்றுவிட்டாள். ஆய்வகச் சுவரில் அவள் ஒட்டிய தாளில் சூரியன் இன்னும் பாதித் தூரத்தில்தான் இருக்கிறது.