மாத்திரை கரையும் வரை

கண்ணாடிக் கடையின் முன்பக்கம் ஏசியும் நிலைக்கண்ணாடிகளுமாகப் பளபளவென்று இருக்கும். பின்பக்கம் எங்களுடையது: ஈரத் தரை, வெள்ளைத் தூசி, லென்ஸ் தேய்க்கும் மெஷினின் இரைச்சல். அந்த மெஷின், என்கூட வேலை பார்க்கும் அக்காவுடையது. ஃபிரேமின் வளைவுக்குத் தக்கபடி லென்ஸைத் தேய்த்து, விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்து, திருகை முடுக்கி என் பக்கம் தள்ளுவார். நான் துடைத்து, உறையில் போட்டு முன்னால் அனுப்புவேன். கை எவ்வளவு வேலை செய்கிறதோ, வாய் அதைவிட ஒரு மடங்கு கூட. மெஷின் ஓடினால்கூட அக்காவின் பேச்சுதான் மேலே கேட்கும்.

எனக்கு முதல் குழந்தை பிறந்து வேலைக்குத் திரும்பியிருந்த சமயம். அடுத்தது உடனே வேண்டாம். என்ன செய்வதென்று யாரிடம் கேட்பது? அக்காவிடம் கேட்டேன்.

"நீங்க என்னக்கா பண்ணீங்க?"

அக்கா மெஷினை நிறுத்தினார். "உள்ளே வைக்கிற மாத்திரை தெரியுமா? அதைத்தான் வெச்சேன்" என்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அன்றைக்கும் அடுத்த சில நாட்களிலும், வாடிக்கை குறைந்த நேரங்களில், அவர் சொன்னதுதான் இது.

அக்காவின் வீட்டுக்காரர் ஒரு பிரஸ் பட்டறையில் வேலை பார்த்தார். தகட்டை வைத்து மிதியை அழுத்தினால், மேலேயிருந்து அச்சு தடாலென்று இறங்கும். பாத்திர மூடி ஒன்று விழும். நாள் முழுக்க இதே தடால், தடால். வீட்டுக்கு வந்தால் மனுஷர் வாயைத் திறக்க மாட்டார். அக்காவின் தங்கை அவருக்கு ஊமைக்கோட்டான் என்றே பெயர் வைத்திருந்தாள். "மாமா நேத்து என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினார்க்கா, நான் பயந்துட்டேன்" என்பாளாம்.

இரண்டாவது பெண் பிறந்த பிறகு, போதும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். ஆனால் ஆபரேஷன் என்றால் அக்காவுக்குக் குலை நடுக்கம். தினம் போடுகிற மாத்திரையை ஆரம்பித்தார். சில மாதத்தில் ஒற்றைத் தலைவலி வந்தது; வருவதற்கு முன் கண்ணோரம் மின்னல் மின்னலாகத் தெரியும். லென்ஸ் தேய்க்கிறவளுக்கு இது ஆகுமா? டாக்டர், "உனக்கு ஹார்மோன் சரிப்படாது, நிறுத்து" என்று சொல்லிவிட்டார். காப்பர் டி வைத்தார்கள். மாதாமாதம் உதிரம் கொட்டு கொட்டென்று கொட்டி, ஆள் வெளுத்துப் போனார். அதையும் எடுத்தாயிற்று. மிச்சமிருந்தது ஆணுறை. அதை வாங்கிவர வீட்டுக்காரரை மருந்துக் கடைக்கு அனுப்பினால், இருமல் மிட்டாயோடு திரும்பி வருவார். வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை.

கடைசியில் கிளினிக் நர்ஸம்மாதான் அந்த அட்டையை எடுத்துக் கொடுத்தார். மெழுகுபோல வெள்ளையாக, துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் மாத்திரைகள்.

"கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, படுத்துக்கிட்டு, விரல் போற வரைக்கும் உள்ளே தள்ளணும். உடம்புச் சூட்டுல கரைஞ்சு விந்தைக் கொல்லும். பத்து நிமிஷமாவது ஆகணும், அதுக்கு முன்னாடி அவர் கிட்டயே வரக்கூடாது. ஒரு மணி நேரம் தாண்டினா வேற வைக்கணும். முடிஞ்ச உடனே ஓடிப்போய் உள்ளே தண்ணி விட்டுக் கழுவாதே, ஒரு ஆறு மணி நேரம் அப்படியே விடு. ஹார்மோன் எதுவும் கிடையாது, உன் தலைவலிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. ஆனா ஒண்ணு, முழுசா நம்பிடாதே. இதை மட்டும் வெச்சு ஓட்டறவங்கள்ல வருஷத்துக்கு அஞ்சுல ஒருத்திக்குத் தப்பிப் போகுது. உறையும் சேர்ந்தா நல்லது."

"உறைக்குப் போனா இருமல் மிட்டாய்தாம்மா வருது" என்றாராம் அக்கா.

அப்போது வீட்டுக்காரருக்கு இரண்டாம் ஷிப்ட். மத்தியானத்துக்குமேல் கிளம்புவார். கடைக்கு வார விடுமுறை செவ்வாய். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ஒரே அறையும் சமையலறையும் உள்ள அந்த வீட்டில், இருவருக்கும் வாய்த்தது செவ்வாய்க்கிழமை முற்பகல்தான்.

முதல் செவ்வாய். அக்கா மாத்திரையை வைத்துக்கொண்டு போர்வைக்குள் படுத்தார். வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் கடிகாரம். மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றியது.

"கரைஞ்சிடுச்சா?"

"இப்பத்தானே வெச்சேன். மணியைப் பாருங்க."

மறுபடி அமைதி. அந்த அமைதியை அவராலேயே தாங்க முடியவில்லை போல. திடீரென்று, "எங்க ஃபோர்மேன் புதுசாப் பல்செட் போட்டிருக்கான்" என்றார். அப்புறம் முகத்தைத் துளிகூட மாற்றாமல், தாடையை மட்டும் முன்னே தள்ளி, ஒவ்வொரு சொல்லுக்கும் சீழ்க்கை கலந்து, அந்த ஃபோர்மேன் திட்டுவதைப் பேசிக் காட்டினார். அக்காவுக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷம். இந்த மனுஷருக்கு மிமிக்ரி வரும் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

"சிரிக்க வைக்காதீங்க, வெளியே வந்துடப் போகுது!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாராம்.

இப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த செவ்வாய் அவர் முதுகைக் காட்டவில்லை. பக்கத்தில் படுத்து உத்தரத்தைப் பார்த்துப் பேசினார். ஃபோர்மேன் போய், பேக்கிங்கில் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பற்றி வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவளைப் பார்ப்பதற்காகவே மூடிகளைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பாராம். "அழகா இருப்பாளா?" என்று அக்கா கேட்க, "தெத்துப்பல்லு" என்றாராம். இன்னொரு வாரம் பிரஸ்ஸைப் பற்றி. பக்கத்து மெஷின்காரருக்கு இரண்டு விரல் போனதிலிருந்து, அச்சுக்கு அடியில் கையை நீட்டும் ஒவ்வொரு தடவையும் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "தினம் ஆயிரம் தடவை பயப்படறேன். யார்கிட்ட சொல்றது?" என்றார். அக்கா அவர் கையை எடுத்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தாராம்.

வாயாடி என்று பெயர் வாங்கிய அக்கா அந்தப் பத்து நிமிஷமும் வாயே திறக்க மாட்டார். பேசினால் எங்கே அவர் நிறுத்திவிடுவாரோ என்று பயம். கண் மட்டும் கடிகாரத்தில். நர்ஸம்மா சொன்ன கணக்கு தப்பக் கூடாதே.

இதற்கு நடுவில் கூத்தும் நடந்தது. சூடு பட்டால் இளகிவிடும் என்று மாத்திரை அட்டையை ஃப்ரிட்ஜ் கதவில் வைத்திருந்தார். பெரிய பெண், "இது என்னம்மா?" என்று கேட்க, "அப்பாவோட இருமல் மருந்து" என்று சொல்லி வைத்தார். ஒருநாள் சித்தி வந்து இருமியபோது அந்தப் பெண் ஓடிப்போய் அட்டையை எடுத்து வந்து, "அப்பாவுது, ஒண்ணு போட்டுக்கோங்க சித்தி" என்று நீட்டினாள். தங்கை அதை வாங்கிப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். "மாமாவுக்கு இருமல் அதிகம்தான் போல" என்றாள். அவர் அன்றைக்கு வழக்கத்துக்கு முன்னாலேயே ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

இரண்டரை வருஷம்போல இப்படி ஓடியது. சில வாரம் லேசாக எரியும், பொறுத்துக்கொள்வார். பிறகு ஒரு மாதம் நாள் தள்ளிப் போயிற்று. ஒரு வாரம் ஆயிற்று, இன்னும் வரவில்லை. அஞ்சில் ஒருத்தி நான்தான் என்று அக்கா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். குழாய்ச் சத்தத்தையும் மீறி அது வெளியே கேட்டிருக்கிறது. கடைசியில் ஒன்றுமில்லை, தானாக வந்துவிட்டது. அக்கா நிம்மதியாகிவிட்டார். வீட்டுக்காரர் ஆகவில்லை.

பத்து நாள் கழித்து, இன்றைக்குக் காலை ஷிப்ட் என்று சொல்லிக் கிளம்பியவர் மத்தியானமே திரும்பி வந்தார். காலை அகட்டி அகட்டி, முட்டைமேல் நடப்பதுபோல நடந்து வந்தார்.

"என்னங்க ஆச்சு? மெஷின்ல ஏதாவது..."

"ஒண்ணுமில்ல. நான் பண்ணிக்கிட்டேன். இனிமே உனக்கு எந்த மாத்திரையும் வேண்டாம். பயமும் வேண்டாம்."

மருந்துக் கடையில் உறை கேட்க நாக்கு எழாத மனுஷர், தனியாகப் போய், வரிசையில் உட்கார்ந்து, ஆபரேஷன் செய்துகொண்டு வந்திருக்கிறார். தங்கை அன்றிலிருந்து ஊமைக்கோட்டான் என்று சொல்வதை விட்டுவிட்டாள்.

ஆனாலும் மூன்று மாதம் பழைய காவலே தொடர வேண்டும், சோதித்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் நிறுத்தலாம் என்றிருந்தார் டாக்டர். அந்த மூன்று மாதத்தின் கடைசிச் செவ்வாயன்றுதான் வீட்டுக்காரர் தன் அண்ணனைப் பற்றிப் பேச்செடுத்தார். வீட்டில் யாரும் பெயரைக்கூடச் சொல்லாத அண்ணன். மழை பெய்த ஒரு காலை, தம்பியின் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனவன்.

"எனக்கு இருந்ததே அந்த ஒரு செருப்புதான். அது இல்லாம நான் பள்ளிக்கூடம் போகலை. வாசல்லயே உக்காந்திருந்தேன். அப்புறம் ஒரு நாள்..."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். அவரும் பார்த்தார். "ஆயிடுச்சு இல்ல?" என்று நிறுத்திவிட்டார்.

அந்த வாரமே சோதனை முடிவு வந்தது: ஒன்றுமில்லை, கவலையில்லை. மிச்சமிருந்த அட்டையை அக்கா குப்பையில் போட்டார், சந்தோஷமாக.

அடுத்த செவ்வாய் காத்திருக்க எதுவுமில்லை. வந்தார், ஆயிற்று, குட்டித் தூக்கம் போட்டார், சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. என்னவோ குறைகிறது என்று அக்காவுக்குத் தட்டவே சில மாதம் ஆயிற்று. தட்டியபோது எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

"இதுல கேக்க என்னக்கா இருக்கு? படுத்துக்கிட்டுப் பேசுங்கன்னா பேசிட்டுப் போறார்" என்றேன் நான்.

"உனக்கு ஈஸி. அவர் எனக்காகக் கத்தியில போய்ப் படுத்துட்டு வந்தவர். அவர்கிட்டப் போய், நீங்க பண்ணினதால எனக்கு ஒண்ணு போச்சுன்னு எந்த வாயால சொல்றது? தவிர, வாங்க படுத்துக்கலாம், பேசலாம்னு நானே கூப்பிட்டா வேற மாதிரி நினைச்சுக்குவாரோன்னு ஒரு வெக்கம்."

ஒரே ஒரு தடவை, டீயைக் கொடுத்துவிட்டு, "உங்க அண்ணன் கதையைப் பாதியில விட்டீங்களே" என்று கேட்டாராம். அவர் பேப்பரிலிருந்து நிமிர்ந்து, "அது கிடக்குது விடு" என்றார். அக்காவும் விட்டுவிட்டார். அவருக்கே விருப்பமிருந்தால் சொல்லட்டுமே என்று ஒரு வீம்பு. அந்த வீம்பிலேயே பிள்ளைகள் படித்து, பெரியவளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது.

அதற்குள் அந்தத் தடால் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டிருந்தது. முதலில் போன் மணி கேட்கவில்லை, பிறகு குக்கர் விசில், பிறகு ஆள் கூப்பிடுவது. காதில் வைக்கும் மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். கீச்சென்று கத்துகிறது என்று கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான், "இப்பவாவது சொல்லிடுங்கக்கா" என்று நச்சரித்தேன். "போடி, அரைக் கிழவி ஆனப்புறம்" என்று மெஷினைப் போட்டுவிட்டார்.

ஒரு புதன்கிழமை அக்கா பேச்சில்லாமல் வந்தார். லென்ஸ் ஒன்றை அளவுக்குமேல் தேய்த்துக் கெடுத்துவிட்டார். அது அவருக்கு நடக்காத விஷயம். மத்தியானம்தான் சொன்னார்.

"நேத்து சொல்லிட்டேன். காதுகிட்டப் போய்க் கத்திச் சொன்னேன். அப்பல்லாம் பேசுவீங்களே, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன் நிறுத்திட்டீங்கன்னு. மாடிவீட்டுக்காரி துணி காயப்போட்டுட்டு இருந்தா, எட்டிப் பார்த்தா."

"அவர் என்ன சொன்னார்?"

"முழிச்சார். அப்புறம் சொல்றார், நீ மணியைப் பாத்துட்டே இருப்பியே, எப்படா முடிப்பான்னு காத்திருக்கியோன்னு நினைச்சேன். உனக்கு ரோதனையா இருக்கும்னுதான் ஆபரேஷனுக்கு அப்புறம் வாயை மூடிக்கிட்டேன்னு."

நான் கையிலிருந்த துணியை வைத்துவிட்டேன்.

"நான் மாத்திரைக்காகப் பாத்தேன்னு கத்தினேன். எந்த மாத்திரைங்கறார். அதையும் கத்தணும். மாடியில கொடியே ஆடலை, அவ்வளவு கவனமாக் கேக்கறா. சரி, அண்ணன் கதையாவது சொல்லுங்கன்னேன். சொல்றேன்னு ஆரம்பிச்சார். காது கேக்காதவர் இல்லையா, குரல் ஊரைக் கூட்டுது. நடுவுல நான் ஏதாவது கேட்டா கையைக் காதுல வெச்சுக்கறார். அவருக்கே அலுத்துப்போச்சு. 'வந்தான், செருப்பைக் குடுத்தான், போயிட்டான். அவ்வளவுதான்'னு முடிச்சுட்டார்."

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். அடுத்த மேசையில் மெத்தென்ற துணி இருந்தும்.

"அவ்வளவுதானா இருக்கும், அது? அன்னிக்கு அவர் குரல் இருந்த இருப்புல, அவ்வளவுதானா இருக்கும்?"

"எழுதிக் காட்டுங்களேன்க்கா. கேக்க வேண்டியதை எழுதிக் குடுத்தா படிப்பார் இல்ல?"

"பால் வாங்கிட்டு வாங்கன்னு எழுதலாம்டி. இது எழுதற பேச்சா?" என்றார் அக்கா.

முன்பக்கமிருந்து இரண்டு ஃபிரேம் வந்தது. அக்கா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மெஷினைப் போட்டார்.